வஞ்சிரம் முப்பத்தைந்தாயிரம்

உக்கிராணத்துவ வகுப்பை இனிமேல் நீங்கள் எடுக்கப் போகிறீர்கள் என்று சொன்னார்கள். சந்தோஷப்பட்டேன். கூடவே, ஐயோ பாவம் என்றும் நினைத்தேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம், அங்கிருந்து கடற்கரைச் சாலையில் கோவளம் வரைக்கும் இருக்கிற சின்னச் சின்ன சபைகளில் எத்தனையோ வருஷம் அந்த வகுப்பை எடுத்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன். பஸ்ஸில் நின்றுகொண்டே போவீர்கள். போய்ச் சேர்ந்தால் வாலிபர் கூட்டத்தில் பாதிப் பேர் கிரிக்கெட் ஆடப் போயிருப்பார்கள். மீதிப் பேர், "எப்ப மிஸ் முடிப்பீங்க?" என்று முகத்துக்கு நேராகக் கேட்பார்கள். அதற்கெல்லாம் அசராத ஆள்தான் இந்த வேலைக்கு லாயக்கு.

பாடம் என்னவோ சுலபம்தான். கையில் இருக்கிற பணம், உடம்பில் இருக்கிற பலம், நமக்குக் கிடைத்த நேரம், எதுவும் நம்முடையது இல்லை. பார்த்துக்கொள்ளச் சொல்லி ஆண்டவர் நம்மிடம் விட்டிருக்கிறார், ஒழுங்காகப் பார்த்துக்கொள்ள வேண்டும், உக்கிராணத்துவம் என்றால் அவ்வளவுதான். இதைச் சொல்ல ஐந்து நிமிஷம் போதும். அதற்கப்புறம், சம்பளம் வந்ததும் எதை முதலில் எடுத்து வைப்பது, செல்போன் ஆப்பில் கடன் வாங்காமல் மாதத்தை எப்படி ஓட்டுவது, மற்றவனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடலாமா கூடாதா, இதெல்லாம் உங்களுக்கு அச்சடித்தே கொடுத்திருப்பார்கள். அதை நான் மறுபடி ஓதப் போவதில்லை.

அச்சடித்துக் கொடுக்க முடியாத ஒன்று இருக்கிறது. நம்முடைய பிள்ளைகள் பணத்தில் செய்கிற தப்பு, மற்ற பிள்ளைகள் செய்கிற தப்பு மாதிரி இருக்காது. குடித்து அழிக்கிறவன் நம் வகுப்புப் பக்கமே வர மாட்டான். வருகிறவர்கள் நல்ல பிள்ளைகள். அவர்கள் ஆண்டவர் பெயரைச் சொல்லியே தப்புச் செய்வார்கள். நாளைக்கென்று சேர்த்து வைப்பது விசுவாசக் குறைவு என்று எவனோ சொன்னதை நம்பி, வந்த சம்பளத்தை அப்படியே காணிக்கையாகப் போட்டுவிட்டு, வீட்டு வாடகைக்கு வழியில்லாமல் என் முன்னால் வந்து நின்றாள் ஒரு பெண். அவளை எப்படித் திட்டுவீர்கள்? கொடுத்தது ஆலயத்துக்கு. வாயைத் திறந்தால் நம்மைத்தான் அவிசுவாசி என்பார்கள். அங்கேதான் இந்த வேலையின் கஷ்டமே இருக்கிறது.

இனிமேல் சொல்லப் போவது ஜெபராஜ் என்கிற பையனைப் பற்றி. நான் பார்த்ததைப் பார்த்தபடி சொல்கிறேன்.

கோவளத்துக்கும் திருவிடந்தைக்கும் நடுவில் இருக்கிறது அந்தச் சபை. ஆலயத்தின் பின்பக்க ஜன்னலைத் திறந்தால் சவுக்குத் தோப்பு, அதற்கு அப்பால் கடல். மீன்பிடிக்கிற குடும்பங்கள் கொஞ்சம், உள்ளே நெல் விளைகிற ஊர்களிலிருந்து வந்து குடியேறினவர்கள் கொஞ்சம், படூர் பக்கம் கம்பெனிகளில் வேலை பார்க்கிற சம்பளக்காரர்கள் கொஞ்சம். ஜெபராஜ் அங்கே சாமுவேல் என்பவரிடம் குட்டியானை ஓட்டிக்கொண்டிருந்தான். சந்துக்குள்ளெல்லாம் புகுந்து போகுமே, அந்தச் சின்ன லோடு வண்டி. அப்பா இல்லாத பையன். அம்மா ஒரு ரிசார்ட்டில் துணி துவைக்கிற வேலையில் இருந்தாள். தங்கை படித்துக்கொண்டிருந்தாள்.

சாமுவேலைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். படூரிலும் கேளம்பாக்கத்திலும் எழும்புகிற அடுக்குமாடிகளுக்குச் செங்கல், ஜல்லி, மணல் சப்ளை செய்கிறவர். சபைக் கமிட்டியில் இருந்தார். சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, கணீரென்ற குரல், முன்வரிசை நாற்காலி. கெட்டவர் இல்லை. ஆனால் எல்லோரையும் கிண்டல் பண்ணியே பேசுவார். அவர் கிண்டல் பண்ணினால் சபையே சிரிக்கும், சிரிக்காவிட்டால் நம்மைப் பார்த்து இன்னொன்று விடுவார். என்னையே, "வாங்க மிஸ், எங்க பர்ஸுக்குப் பூட்டுப் போட வந்துட்டீங்களா?" என்பார். நானும் விட மாட்டேன். "உங்க பர்ஸுக்குப் பூட்டு பத்தாது, ஷட்டர்தான் போடணும்" என்பேன்.

ஜெபராஜ் என் வகுப்புக்கு முதலில் வேண்டாவெறுப்பாகத்தான் வந்தான். அப்புறம் எப்படியோ பிடித்துக்கொண்டது. வாரச் சம்பளம் வாங்கியதும் ஆண்டவருக்கென்று ஒரு கவரில் கொஞ்சம் எடுத்து வைப்பான். அடுத்தது தபால் ஆபீஸ் கணக்கு. மிச்சம்தான் வீட்டுக்கும் டீக்கும். வகுப்பிலே மற்ற பையன்கள் அவனை, "அண்ணாத்த, பெரிய பேங்க் மேனேஜரு" என்று ஓட்டுவார்கள். அவன் கண்டுகொள்ள மாட்டான். இரண்டு வருஷம் அப்படிச் சேர்த்தான்.

அந்தச் சமயத்தில் சாமுவேல் பெரிய லாரி வாங்க முடிவு பண்ணினார். பழைய குட்டியானையை விற்றுவிடலாம் என்று ஜெபராஜிடமே சொன்னார். "கிறிஸ்மஸுக்குள்ள முப்பதாயிரம் அட்வான்ஸ் குடு. மீதிய மாசாமாசம் கட்டு. வண்டி ஒன்னுது. இல்லாட்டி திருப்போரூர் புரோக்கர் ரெடியா கீறான், அவன்கிட்ட தள்ளிடுவேன்" என்றாராம். பையன் வகுப்பு முடிந்ததும் என்னிடம் ஓடி வந்தான். மூச்சு வாங்கியது.

"மிஸ், தபால் ஆபீஸ்ல சரியா முப்பதாயிரம் கீது மிஸ்! கிறிஸ்மஸுக்குள்ள எடுத்துக் குடுத்துருவேன். வண்டி பின்னாடி இன்னா பேரு எழுதறதுன்னுதான் யோசிச்சிகினு கீறேன்."

"முதல்ல பிரேக்கை சரி பார்த்து வாங்கு. பேரு அப்புறம் எழுதலாம்" என்றேன். அவனுக்கு அது காதிலேயே விழவில்லை. அவன் சிரித்த சிரிப்பைப் பார்த்து எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இப்போது அறுப்பின் பண்டிகைக்கு வருகிறேன். உங்களுக்குத் தெரியாததா? வயல் வைத்திருக்கிறவர்கள் நெல்லும் பரங்கிக்காயும் கொண்டுவருவார்கள், கோழி வளர்க்கிறவர்கள் சேவல், சம்பளக்காரர்கள் கேக்கும் சோப்புப் பெட்டியும். ஆராதனை முடிந்ததும் வெளியே பந்தலில் எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள். வருகிற பணம் ஆண்டவருக்கு. இதில் யாரும் பொருளின் விலையைப் பார்க்க மாட்டார்கள். ஒரு தேங்காய் இரண்டாயிரத்துக்குப் போகும், எல்லோரும் கைதட்டுவார்கள். பாதி விளையாட்டு, முழுச் சந்தோஷம். கேட்ட தொகையை அன்றைக்கே கட்ட வேண்டியதில்லை, அந்தச் சபையில் கிறிஸ்துமஸுக்குள் கட்டினால் போதும். கையில் பணம் இல்லாதவனும் கையைத் தூக்கலாம். இதிலே ஆபத்து இருக்கிறது என்று நான் கமிட்டியில் சொன்னதுண்டு. "மிஸ், இது கடைத்தெரு ஏலம் இல்ல, தேவனுக்கு மகிமை" என்று என் வாயை அடைத்துவிட்டார்கள்.

அந்த வருஷம் கோவளத்து மீனவர் ஒருவர் ஒரு வஞ்சிரம் கொண்டுவந்து வைத்தார். விடியற்காலையில் பிடித்தது. வாழையிலையின் மேல் பளபளவென்று கிடந்தது. கடைத்தெருவில் எப்படியும் மூவாயிரத்துக்கு மேலே போகும் என்று பெண்கள் எல்லோரும் பேசிக்கொண்டோம். பொருளாளர்தான் ஏலம் விட்டார்.

"வஞ்சிரம், மூவாயிரம்! மூவாயிரம் ஒரு தரம்!"

"அஞ்சாயிரம்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். திரும்பிப் பார்த்தால் ஜெபராஜ். எனக்கு உடனே புரிந்தது. ஆண்டவருக்கென்று எடுத்து வைக்கிற கவரில், அறுப்பின் பண்டிகைக்காகவே ஐந்தாயிரம் தனியாகச் சேர்த்திருந்தான். வண்டிப் பணத்தைத் தொடவில்லை. சபாஷ் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். எல்லோரும் கை தட்டினார்கள்.

"ஆறு" என்றார் சாமுவேல், முன்வரிசையிலிருந்து, திரும்பிக்கூடப் பார்க்காமல். அப்புறம் திரும்பினார். யார் என்று பார்த்ததும் அவர் முகத்தில் அந்தக் கிண்டல் வந்துவிட்டது.

"இன்னாடா டிரைவரு, ஒனக்கு வஞ்சிரம் கேக்குதா? அடுத்து நெத்திலி வரும், அத்தக் கேளு. இப்ப குந்திகினு இரு."

பந்தலே சிரித்தது. ஜெபராஜும் சிரித்தான். ஆனால் அந்தச் சிரிப்பு கண்ணுக்குப் போகவில்லை.

"எட்டு!" என்றான்.

"பத்து."

"பன்னெண்டு!"

பொருளாளருக்கு உற்சாகம் தாங்கவில்லை. இந்தப் பக்கம் ஒரு கை, அந்தப் பக்கம் ஒரு கை நீட்டி நாடகமே ஆடினார். பதினைந்து வரைக்கும் சிரிப்பு இருந்தது. இருபதைத் தாண்டியதும் சிரிப்பு நின்றது. அதற்கப்புறம் இரண்டு பேருடைய குரலைத் தவிர வேறு சத்தமே இல்லை. போதகர் முகத்தில் ஒரு புன்னகை இருந்தது, அதை எப்படி இறக்கி வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

நான் பெண்கள் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். "டேய், உக்காருடா" என்று ஒரு சத்தம் போட்டால் போதும். ஆனால் ஆண்டவருக்குக் கொடுக்கிறேன் என்று கை தூக்கியவனை, சபைக்கு நடுவில், காணிக்கை நேரத்தில், பணத்தைப் பற்றிப் பாடம் நடத்துகிற ஒரு பொம்பளை எப்படித் தடுப்பாள்? நீங்களாக இருந்தாலும் தடுத்திருக்க மாட்டீர்கள். பெருமைக்குச் சொல்லவில்லை, நிலைமை அப்படி.

"முப்பத்தி நாலு" என்றார் சாமுவேல். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"முப்பத்தஞ்சு!"

சாமுவேல் இரண்டு கையையும் மேலே தூக்கினார். "எடுத்துக்கோப்பா, எடுத்துக்கோ. எனக்கு வேணாம்" என்றார். முப்பத்தைந்தாயிரம் மூன்று தரம். கைதட்டல் காதைப் பிளந்தது. ஜெபராஜ் நடந்து போய் அந்த மீனை இரண்டு கையிலும் ஏந்தினான். குழந்தையைத் தூக்குகிற மாதிரித் தூக்கினான். எங்கே கொண்டு போவது என்று தெரியாமல் ஒரு நிமிஷம் நின்றான். அப்புறம் சமையல் பண்ணிக்கொண்டிருந்த பெண்களிடம் கொடுத்து, "எல்லாருக்கும் போடுங்க" என்றான். மத்தியானப் பந்தியில் எல்லோருக்கும் ஆளுக்கு ஒரு சின்னத் துண்டு வந்தது. குழம்பு ருசியாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு அவன் வரவில்லை. அதற்கடுத்த வாரம் நான் திரும்பிப் போகும்போது கோவளம் பஸ் ஸ்டாப்பில் எனக்காக நின்றுகொண்டிருந்தான். முகம் வாடிப் போயிருந்தது.

"மிஸ், கட்டினா வண்டி பூடும். அம்மாவுக்கு இன்னா சொல்றதுன்னே தெரியல. கட்டலன்னா ஆண்டவரண்ட சொன்ன வார்த்த பூடும். நான் இன்னா பண்ணட்டும்?"

தம்பி, தங்கச்சி, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். இப்படி ஒருவன் உங்கள் முன்னாலும் ஒரு நாள் வந்து நிற்பான். அன்றைக்கு உங்களிடம் அச்சடித்த தாள் எதுவும் உதவிக்கு வராது. கட்டு என்று சொல்லலாம். வாக்குக் கொடுத்தால் நிறைவேற்ற வேண்டும் என்று நாமே எத்தனை வாரம் பேசியிருக்கிறோம். கட்டாதே என்றும் சொல்லலாம். பிழைப்புக்கென்று சேர்த்த பணத்தை எடுத்துக் காணிக்கை போடுவது உக்கிராணத்துவம் இல்லை என்றும் நாமேதான் பேசியிருக்கிறோம். இரண்டும் சரி. இரண்டும் அவனைக் கொல்லும். மூன்றாவதாக ஒரு வழி இருந்தது. நானே போதகரைத் தனியாகப் பார்த்து, பையன் தெரியாமல் கேட்டுவிட்டான், சத்தம் போடாமல் குறைத்துவிடுங்கள் என்று சொல்லலாம். நல்ல மனிதர், குறைத்திருப்பார். நாலாவது வழியும் இருந்தது. பேங்க் வேலையிலிருந்து வந்த ஓய்வுப் பணம் என்னிடம் இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், என் கை ஹேண்ட்பேக் வரைக்கும் போனது.

என்னைத் தடுத்தது அவன் கேட்ட கேள்விதான். அவன் என்னிடம் பணம் கேட்கவில்லை. போதகரிடம் பேசுங்கள் என்றும் கேட்கவில்லை. நான் என்ன பண்ணட்டும் என்று கேட்டான். அந்தக் கேள்வி அவனுடையது. அதை நான் பணத்தை வைத்து அடைத்துவிட்டால், அவனுக்கு வண்டி கிடைக்கும், கேள்வி போய்விடும். இது சரியா தப்பா என்று அந்த நிமிஷத்தில் எனக்கு நிச்சயமாகத் தெரியாது. ஆனாலும் கையை எடுத்துக்கொண்டேன்.

"எனக்குத் தெரியலடா" என்றேன்.

அவன் அதிர்ந்து போனான். "இன்னா மிஸ், நீங்களே தெரியலன்றீங்க?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவன் மேல், சாமுவேல் மேல், அந்தப் பந்தல் மேல், எல்லாவற்றின் மேலும். "ஏன்டா, கை தூக்கும்போது என்னைக் கேட்டா தூக்கின? ஒவ்வொரு தடவையும் யார் மூஞ்சியப் பார்த்துகிட்டுத் தூக்கின? அதையாவது சொல்லு பார்ப்போம்!" என்று கத்திவிட்டேன். பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

யோசித்துக் கேட்ட கேள்வி இல்லை அது. ஆத்திரத்தில் வந்தது. பஸ் வந்தது, அவன் என் பையை வாங்கி உள்ளே வைத்தான். பஸ் நகர்ந்த பிறகு பார்த்தேன், நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தான்.

நடுவில் மற்றச் சபைகளில் வகுப்பு இருந்ததால், அடுத்து நான் அந்தச் சபைக்குப் போனது டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு. மழை பெய்து ஓய்ந்திருந்தது. ஆராதனையில் சாட்சி சொல்லும் நேரம் வந்தது. ஆண்டவர் செய்த நன்மை என்று சொல்ல விரும்புகிறவர்கள் எழுந்து போய்ச் சொல்லலாம். ஒரு அம்மா பேத்தி பிறந்ததற்குச் சொன்னாள். ஒருவர் ஆபரேஷன் நன்றாக முடிந்ததற்குச் சொன்னார். அப்புறம் ஜெபராஜ் எழுந்தான்.

ஏலப் பணத்தை இதோ கட்டுகிறேன் என்று சொல்லப் போகிறான் என்று நினைத்தேன். வண்டி போச்சு என்று நினைத்தேன். பொருளாளரும் அப்படித்தான் நினைத்திருப்பார், நிமிர்ந்து உட்கார்ந்தார். முன்வரிசையில் சாமுவேல் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

ஜெபராஜ் முன்னால் போய் நின்றான். மைக்கை வாங்கினான்.

"ஸ்தோத்திரம். அறுப்பின் பண்டிகைல நான் வஞ்சிரம் ஏலம் எடுத்தேன். எல்லாருக்கும் தெரியும். முப்பத்தஞ்சாயிரம். எல்லாரும் கை தட்னீங்க." நிறுத்தினான். "மொத மொதல்ல அஞ்சாயிரம்னு கேட்டேன் பாருங்க, அது ஆண்டவருக்கு. அவருக்குன்னு சேத்து வெச்ச பணம். அதுக்கு மேல நான் கேட்டது எதுவும் ஆண்டவருக்கு இல்ல. சாமுவேல் அங்கிள் மேல ரோஷம். அவரு சிரிச்சாரு, எல்லாரும் சிரிச்சீங்க, எனக்கு வயிறு எரிஞ்சிது. ஒவ்வொரு வாட்டியும் அவரு மூஞ்சியப் பாத்துதான் கை தூக்கினேன். ஆண்டவரு நெனப்பே இல்ல."

அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு கவரை எடுத்தான்.

"ஆண்டவருக்குக் கேட்டத எடுத்துகினு வந்துட்டேன். இதோ கீது. ரோஷத்துக்குக் கேட்ட முப்பதாயிரமும் என்னண்ட கீது, ஏமாத்தல. ஆனா அத்த ஆண்டவரு பேர்ல போட எனக்கு மனசு வரல. அது பொய்யி. அத்த யாரண்ட கட்டறதுன்னு எனக்குத் தெரியல. சபையா நீங்களே சொல்லுங்க, கட்டிடறேன்."

கவரைக் காணிக்கைத் தட்டில் வைத்தான். தன் இடத்துக்குத் திரும்பிப் போகாமல் அங்கேயே தலை குனிந்து நின்றான்.

நான் எத்தனையோ ஆலயங்களில் எத்தனையோ ஆராதனைகளில் உட்கார்ந்திருக்கிறேன். அப்படி ஒரு அமைதியை வேறு எங்கும் கேட்டதில்லை. பின்பக்க ஜன்னல் வழியாக அலைச் சத்தம் உள்ளே வந்தது. அவன் என்ன செய்துவிட்டான் என்று எல்லோருக்கும் புரிந்தது. சபையில் வருஷா வருஷம் கை தூக்கிய எல்லோரும் அவரவர் கையை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்கள். பணத்தை இதற்கு இவ்வளவு, அதற்கு இவ்வளவு என்று பிரிக்க நான் நூறு பேருக்குச் சொல்லிக் கொடுத்திருப்பேன். ஒரு மனுஷன் தன் மனதை அப்படிப் பிரித்து, இது ஆண்டவருக்கு, இது என் ரோஷத்துக்கு என்று எல்லோர் முன்னாலும் எடுத்து வைப்பான் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. அப்பா!

ஆனால் அந்த நேரத்தில் என் மனதை அடைத்தது பயம்தான். இவன் சபை முன்னால் பெயர் சொல்லிவிட்டான். முதலாளியின் பெயர். இனி சாமுவேல் வண்டியை இவனுக்கு விற்பாரா? வேலையிலாவது வைத்திருப்பாரா? முப்பதாயிரம் சட்டைப் பையில் இருந்து என்ன பிரயோஜனம்? கட்டாமல் வண்டியைக் காப்பாற்றிக்கொள்ள வந்தவன் மாதிரி இல்லை அவன் பேசினது. வண்டியையும் சேர்த்துத் தட்டில் வைத்துவிட்ட மாதிரிதான் இருந்தது.

சாமுவேல் கால் மேல் போட்டிருந்த காலை இறக்கினார். எழுந்தார். எனக்குப் பக்கத்தில் இருந்த அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தாள். போதகர் எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு அடி முன்னால் வந்தார்.

"பாஸ்டரய்யா, ஒரு நிமிஷம்" என்றார் சாமுவேல். அவருக்கு மைக் தேவையில்லை, ஆனால் அன்றைக்கு அந்தக் குரலே வெளியே வரவில்லை. "பையன் பிரிச்சிச் சொல்லிட்டான். இது ஆண்டவருக்கு, இது ரோஷத்துக்குன்னு. நானும் இங்க குந்திகினு என்னுத பிரிச்சிப் பாத்தேன். எனக்கு முடியல. என்கிட்ட வேல செய்றவன் எனக்கு மேல கேக்கறதான்னுதான் கேட்டுகினே போனேன். மொத ஆறாயிரம் கேட்டப்போ ஆண்டவர நெனச்சேனான்னு கேட்டா, சத்தியமா தெரியல. போன வருஷம், அதுக்கு முந்தின வருஷம் கேட்டதும் அப்டித்தான் கீது. அவன மாதிரி எனக்குப் பிரிக்கத் தெரியல. அதனால நான் கடேசியா கேட்ட முப்பத்தி நாலாயிரத்த முழுசா கட்டிடறேன்."

யாரோ, "மீன் உங்களுக்கு வரலியே" என்று மெதுவாகச் சொன்னார்கள். பொருளாளராகத்தான் இருக்கும், அவருக்குக் கணக்கு விடாது.

"பரவால்ல. கொழம்பு துன்னேன்" என்றார் சாமுவேல்.

யாரும் சிரிக்கவில்லை. அவர் ஜெபராஜ் பக்கம் திரும்பினார்.

"டேய். மிச்சத்த யாரண்ட கட்டறதுன்னு கேட்ட இல்ல? அந்த ரோஷம் யார் மேல?"

"உங்க மேல அங்கிள்."

"என் மேலதான? அப்ப என்னண்ட கட்டு. முப்பதாயிரம். வண்டிக்கு அட்வான்ஸா வெச்சிக்கிறேன்."

போதகர் ஜெபம் பண்ண வாயைத் திறந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். பொருளாளர் கைக்குட்டையில் மூக்கைச் சிந்தினார். பெண்கள் பக்கம் அழாதவர்கள் யாரும் இல்லை. அடுத்த பாட்டை யார் எடுப்பது என்று பாடகர் குழுவுக்கே தெரியவில்லை. நானோ, என் முன்னால் ஏதோ பெரியதாக ஒன்று கடந்து போகிறது, அசைந்தால் கலைந்துவிடும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீங்களும் இந்த வகுப்பை எடுத்துக்கொண்டே போனால் எப்போதாவது ஒரு தடவை இப்படி ஒன்று நடக்கும். நடக்கும்போது அதை விளக்கிச் சொல்லப் போகாதீர்கள். வாயை மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டிருங்கள். நாம் சொல்லிக் கொடுத்ததால் நடந்தது என்று மட்டும் தயவு செய்து நினைத்துவிடாதீர்கள்.

ஆராதனை முடிந்து வெளியே வந்தோம். மண் ஈரமாக இருந்தது. செருப்புகளுக்கு நடுவில் எல்லோரும் தேடிக்கொண்டு நின்றார்கள், யாருக்கும் வீட்டுக்குப் போக மனசில்லை. ஜெபராஜ் சாமுவேலிடம் பணத்தைக் கொடுத்தான். அவர் எண்ணிப் பார்க்காமல் பாக்கெட்டில் வைத்தார். கட்டிப் பிடிக்கவில்லை, தோளில் தட்டவில்லை. அவர் அப்படிப்பட்டவர் இல்லை.

"நாளைக்குப் படூருக்கு லோடு கீது. ஆறு மணிக்கெல்லாம் வந்துரு" என்றார்.

"சரி அங்கிள். காலைல வூட்டாண்ட வந்து சாவி வாங்கிக்கறேன்."

தினமும் வேலை முடிந்ததும் சாவியை அவர் வீட்டில் கொடுத்துவிட்டுப் போவதுதான் அவன் வழக்கம். சாமுவேல் வேட்டி மடிப்பிலிருந்து சாவியை எடுத்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். அவன் உள்ளங்கையில் வைத்தார்.

"ஒன் வண்டிச் சாவிக்கு என் வூட்டுக்கு இன்னாத்துக்கு வர்ற?"

சொல்லிவிட்டு நடந்தார். நாலு அடி போனவர் திரும்பிப் பார்த்து, "டீசல நீயே போட்டுக்கோ. லோடுக்கு வாடகை இன்னான்னு நாளைக்குப் பேசலாம், ஜாஸ்தி கேக்காத" என்றார்.

ஜெபராஜ் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுதுவிட்டான். நானும்தான்.